அடுப்பில் கோசு, கையில் குழந்தை

போன சனிக்கிழமை திண்டிவனத்தில் மாதர் கூட்டம் ஒன்று. என்னைப் பேச அழைத்திருந்தார்கள். தலைப்பு – கறிகாயும் தேக ஆரோக்கியமும். வாராவாரம் இந்தப் பக்கத்தில் அடுப்பங்கரைச் சமாசாரங்களை அளந்துகொண்டிருப்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் மறுக்காமல் விழுப்புரத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மடியில் ஒரு முட்டைகோசு. பெங்களூர்ச் சரக்கு. இப்போது எங்கள் மார்க்கெட்டுக்கே வாரத்தில் இரண்டு கூடை வருகிறது. ஆனாலும் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கூடைக் கத்தரிக்காய்க்குப் போய்விடுகிறார்கள். இங்கிலீஷ் காயாம். வயிற்றுக்கு ஆகாதாம். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றலாமே என்றுதான் நான் போனது.

கோசை மேஜைமேல் வைத்தேன். "சகோதரிகளே, இது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் முன்வரிசையில் இருந்த என் தங்கை ரஞ்சிதம் பக்கத்திலிருந்த அம்மாளிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு இப்போது திண்டிவனத்தில்தான் வேலை. அவளுக்கு எப்போதுமே மெதுவாகப் பேச வராது.

"இந்தக் கோசாலதாம்மா யுத்தத்தப்ப எங்க தெருவே ஓடுச்சி. எங்கக்கா வூட்டு அடுப்புல இது வெந்த வாடைய, ஜப்பான்காரன் வுட்ட விஷப்புகைன்னு நெனச்சிக்கினு எல்லாரும் ஓடிட்டாங்க. எங்கக்கா மட்டும் ஓடல. பொறந்து பதினோரு நாள் ஆன என் புள்ளய மடியில வச்சிக்கினு குந்துன எடத்துலயே குந்தியிருந்துது. இதோ, இவன்தான் அந்தப் புள்ள."

நாலு வயசுப் பையனைக் கையைப் பிடித்து எழுப்பி நிற்கவைத்தாள். அவன் வெட்கப்பட்டு அம்மாவின் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டான். கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு அம்மாள் எழுந்து நின்றே தட்டினார்.

"கோசு உடம்புக்கு நல்லது" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் அடக்கத்தால் உட்கார்ந்துவிட்டதாகத் தலைவி அம்மாள் முடிவுரையில் புகழ்ந்தார்.

அடக்கமா? பயம். சுத்தமான பயம். என் தங்கை சொன்ன கதையில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி எனக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும். நாலு வருஷமாக அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறேன். இந்த வாரம் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அச்சுக்கோர்ப்பவர் மன்னிக்க வேண்டும்.

அந்தச் சித்திரை மாதத்தை விழுப்புரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பான்காரன் கடல்வழியாக வருகிறான், ஆகாயவழியாக வருகிறான் என்று தினம் ஒரு செய்தி. மதராஸிலிருந்து வரும் ஒவ்வொரு ரயில் வண்டியிலும் ஜனங்கள் படுக்கையும் பானையுமாக வந்து இறங்கினார்கள். நாங்கள் குடியிருந்தது ஜங்ஷனுக்குப் பின்னால் உள்ள தெரு. குண்டு போடுபவன் முதலில் ஜங்ஷனில்தானே போடுவான்? அப்படியென்றால் இரண்டாவது குண்டு எங்கள் தெருவுக்கு. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம், வாசலில் மணல் வாளி வைத்தோம். வண்டி கூவினால்கூடச் சைரன் என்று நினைத்துத் திடுக்கிட்டோம்.

எங்கள் தெருவுக்கு ஆகாயத் தாக்குதல் பாதுகாப்பு வார்டன் ஏகாம்பரம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். யுத்தம் அவருக்கு ஒரு தொப்பியும் விசிலும் கொடுத்திருந்தது. சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் லெக்சர் கொடுப்பார். எங்கள் தெருக் குழாயடியில் அவர் கொடுத்த லெக்சர் இன்னும் என் காதில் இருக்கிறது.

"குண்டுக்குக்கூட பயப்படாதீங்க. சத்தம் கேக்கும், ஒளிஞ்சிக்கலாம். விஷக் காஸுக்கு சத்தம் கெடையாது. பூண்டு வாட அடிச்சா அது ஒரு தினுசு. அழுவுன வைக்கோல் வாட அடிச்சா அது வேற தினுசு. எது அடிச்சாலும் நின்னு மோந்து பாத்துக்கினு இருக்காதீங்க. ஈரத்துணிய நாலா மடிச்சி மூக்கு வாய் ரெண்டையும் மூடிக்கினு ஓடுங்க. கொழந்தைங்களுக்கு மொதல்ல மூடுங்க. நான் தாம்பாளத்தத் தட்டுனா காஸு வந்துடுச்சின்னு அர்த்தம்."

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "எங்க வூட்ல தெனம் பூண்டுக் கொழம்புதானே, அதுக்கு இன்னா பண்றது?"

"கொழம்பு எது, காஸு எதுன்னு எனக்குத் தெரியும்மா. என் மூக்க நம்புங்க" என்றார் அவர்.

நம்பினோம். தெரு முழுக்க அந்த மூக்கை நம்பியது. நான் இன்னும் ஒருபடி மேலே போய், அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்துகொண்டேன். கொழந்தைங்களுக்கு மொதல்ல மூடுங்க. ஏனென்றால் அப்போது என் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது.

எனக்குப் பிள்ளை இல்லை. ரஞ்சிதத்துக்கு அதுதான் தலைப்பிரசவம். பிறந்த வீடு கெடாரில். ஆனால் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம். அதனால் மதராஸிலிருந்து நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் வேலையை விட்டு வர முடியாமல் மதராஸிலேயே தங்கிவிட்டார். ஆண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அத்தனை சின்ன உயிரைக் கையில் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு வேர்த்துக் கொட்டும்.

பதினோராம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு முட்டைகோசோடு வந்தார். அவருக்கு ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் வேலை. சிநேகிதரான ஒரு ரயில் கார்டு, பெங்களூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வாங்கிவந்து ஒன்றை இவரிடம் கொடுத்தாராம். அதை வைத்துவிட்டு இவர் மறுபடி ஆபீஸுக்குப் போய்விட்டார். நான் அதற்குமுன் கோசைப் பார்த்திருக்கிறேன். சமைத்ததில்லை. எங்கள் கெடார்ப் பக்கத்தில் கேப்பை உண்டு, மல்லாட்டை உண்டு, கீரையில் பத்துத் தினுசு உண்டு. கோசுக்கு அங்கே என்ன வேலை?

ரஞ்சிதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மெட்ராஸ்ல லேடி டாக்டரு பச்சக் காயி நெறைய துன்னச் சொன்னாங்கக்கா. கோசு ரொம்ப நல்லதாம். எனக்குக் கொஞ்சம் பண்ணிக் குடு" என்றாள்.

பத்தியத்தில் இருக்கிறவளுக்குக் கோசா? பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிட்டாலும் பால்வழியாகக் குழந்தைக்குப் போய்விடும் என்பார்களே. குழந்தைக்கு வயிறு ஊதினால்? முடியாது என்று சொல்லவும் மனசில்லை. பதினோரு நாளாக அவள் கேட்டது இது ஒன்றுதான்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கெடுதல் அத்தனையும் வெளியே போகிறவரைக்கும் வேகவைத்துவிட்டால் ஆயிற்று. கோசை நாலு துண்டாக வெட்டி மண்சட்டியில் போட்டேன். சட்டி முழுக்கத் தண்ணீர். வயிற்றுக்கு நல்லதென்று இரண்டு கை உரித்த பூண்டு. மேலே மூடி. மூடி நகராமலிருக்க அதன்மேல் ஒரு கல். கொல்லையில் கீற்றுக் கொட்டகைதான் எங்கள் சமையலறை. காலை எட்டு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். ஒன்பதுக்கு ஒருதரம் வந்து இன்னும் இரண்டு விறகு செருகினேன். பத்துக்கும் செருகினேன். கோசு பத்து நிமிஷத்துச் சமாசாரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பதினோரு மணி இருக்கும். மருத்துவச்சி ஆயா, ரஞ்சிதத்தைக் குளிப்பாட்ட வந்தாள். குளிக்கிற மறைப்பு கொல்லையின் கோடியில். வேப்பிலைத் தண்ணீர் காய்ந்த புகை அங்கே மண்டிக்கிடந்தது.

"புள்ளயப் புடிச்சிக்கினு இரு, அக்கா. தோ வந்துடறேன்" என்று ரஞ்சிதம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் முன்னறையில் கீழே உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். குழந்தை விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் காற்று திரும்பிக் கொல்லைப்பக்கமிருந்து வீச ஆரம்பித்தது.

முதலில் பூண்டு வாடை. அது எனக்குப் பழக்கம்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது... அழுகின, ஈரமான, கூடவே கருகின வாடை. மழையில் நனைந்த வைக்கோல்போரைப் பல வாரம் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. அப்படி ஒரு நாற்றத்தை நான் எந்த அடுப்பிலும் முகர்ந்ததில்லை. என் அடுப்பிலிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வார்டன் சொன்ன இரண்டு தினுசும் ஒன்றாக வந்திருக்கிறது – இதுதான் தோன்றியது.

வெளியே தாம்பாளம் சத்தம் கேட்டது.

மணல் வாளிகளைப் பார்வையிட வந்த வார்டன், எங்கள் வீட்டுக்கு நேராகச் சைக்கிளை நிறுத்தி முகர்ந்திருக்கிறார். எதிர்வீட்டுத் தாம்பாளத்தை வாங்கி, கரண்டியால் அடித்துக்கொண்டே ஓடினார். "காஸு, காஸு... ஜல்தி வெளிய வாங்க." ஜன்னல்வழியாகப் பார்க்கிறேன் – தெரு ஓடுகிறது. ஈரப்புடவையை முகத்தில் சுற்றிக்கொண்டு ஒருத்தி எதிர்ச்சுவரில் முட்டிக்கொள்கிறாள். ஒருவர் கையில் உலக்கை. அதை எதற்கு எடுத்தார் என்று அவருக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் நிதானமாகக் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஓடினார். ஒரு நிமிஷத்தில் தெரு காலி. கோழிகள் மட்டும் நின்றன.

நான் ஏன் ஓடவில்லை? தைரியமா? எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. என் தங்கை கொல்லையில் இருக்கிறாள் என்ற ஞாபகமே எனக்கு அப்போது இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் கை வேலைசெய்தது. பக்கத்தில் குடிதண்ணீர்க் குடம். கொடியில் எங்கள் வீட்டுக்காரரின் துண்டு. எட்டி இழுத்தேன், குடத்தில் முக்கினேன். நாலாக மடித்தேன். கொழந்தைங்களுக்கு மொதல்ல மூடுங்க. குழந்தையின் முகத்தின்மேல் அந்தத் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் புகாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன். மூக்கு, வாய் இரண்டையும். ஒரு வார்த்தை விடவில்லை, எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே செய்தேன்.

குழந்தை உதைத்தது. அந்தப் பிஞ்சுக் காலுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, என் வயிற்றில் உதைத்தது. ஐயோ, குழந்தைக்குப் புகை ஏறுகிறது என்று நினைத்தேன். இன்னும் அழுத்தினேன்.

பிறகு உதைப்பது நின்றது.

புகை ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அழுதுகொண்டே இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். 'மூளை எங்கே போயிற்று?' என்று கேட்பீர்கள். நானும் நாலு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் வந்தவளுக்குக் காது மட்டும்தான் இருந்தது. சொன்னது கேட்டது, கை செய்தது. எதற்காகச் செய்கிறோம் என்று பார்க்க உள்ளே ஆள் இல்லை.

கொல்லைக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர். என் வயசுதான், ஒண்டிக்கட்டை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் வீட்டில் இருந்திருக்கிறாள். தெரு ஓடினபோது அவள் ஓடாமல், வாடை வந்த திசையில் நடந்து எங்கள் கொல்லைக்கு வந்து, கொட்டகையில் சட்டியைப் பார்த்துவிட்டாள். 'கோசு தீயுது' என்று சொல்லத்தான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். என் மடியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்புப் போய்விட்டது.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க? கைய எடுங்க."

"காஸு டீச்சர்..."

"கைய எடுங்கன்றேன்."

நான் எடுக்கவில்லை. என் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. துண்டை உருவி எறிந்தாள். குழந்தையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பார்வை இல்லை.

அவள் குழந்தையைக் கவிழ்த்துத் தன் முன்கையில் போட்டுக்கொண்டு முதுகைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. நிமிர்த்தி முகத்தில் ஊதினாள். ஒன்றுமில்லை. உள்ளங்காலில் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூன்றாவது தடவையும் பலிக்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெய்வத்தைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை.

நாலாவது தடவை ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் இருமல். அப்புறம்... அழுகை. மெலிசாக ஆரம்பித்து வீடு அதிர அழுதது. அதுமாதிரி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன்னும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

டீச்சர் குழந்தையை என் மடியில் திருப்பி வைத்தாள். "காஸு இல்லீங்க. ஒங்க அடுப்புல கோசு தீஞ்சி போய்க் கெடக்குது" என்றாள்.

அதேசமயம் கொல்லையிலிருந்து ரஞ்சிதம் ஓடிவந்தாள். தாம்பாளச் சத்தம் கேட்டதும் ஆயா அவளை மறைப்புக்குள்ளேயே பிடித்து அழுத்தி, இருவர் தலையிலும் ஈரப்புடவையைப் போர்த்திக்கொண்டாளாம். திமிறிக்கொண்டு வந்திருக்கிறாள். வாசல் திறந்து கிடக்கிறது. தெருவில் ஈ காக்கை இல்லை. முன்னறையில் அவள் அக்கா, மடியில் அழுகிற குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"எல்லாரும் ஓடிட்டாங்க. நீ ஓடலியாக்கா? எம் புள்ளய வுட்டுட்டு ஓடலியா நீ?"

என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கீழே கிடந்த துண்டைப் பார்த்தாள். குனிந்து அதை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"கொழந்தைக்குப் பசி. மொதல்ல பால் குடும்மா" என்று ரஞ்சிதத்திடம் சொல்லிவிட்டு, சட்டியை இறக்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். அவள் அதைப் பற்றி என்னிடமோ மற்றவர்களிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த வருஷம் மாற்றலாகி ஊரைவிட்டே போய்விட்டாள்.

தெரு திரும்பி வந்தது. விஷயம் தெரிந்ததும் முதலில் கோபம், பிறகு சிரிப்பு. எங்கள் வீட்டுக்குக் 'கோசு வீடு' என்று பேர் வைத்தார்கள், இன்னும் தபால்காரர்கூட அப்படித்தான் சொல்கிறார். வார்டன் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டியின் அடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என் மூக்கு தப்பு பண்ணலம்மா. வாட அந்த மாதிரிதான் கீது" என்றார். ஒருவிதத்தில் நியாயம்தான்.

எல்லோரும் சிரித்து மறந்தார்கள். எனக்குத்தான் அன்றைக்குத் தொடங்கியது. பையன் பகலில் தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. மூச்சு இல்லாமல் கிடந்த அந்த நேரத்தில் அவன் மூளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? குப்புற விழுந்தானா, தவழ்ந்தானா, பேர் சொன்னால் திரும்புகிறானா... ரஞ்சிதம் மதராஸுக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் இதைத்தான் கேட்டேன். அக்காவுக்கு எவ்வளவு பிரியம் என்று அவள் பூரித்துப்போனாள். அங்கே பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட இவன் இரண்டு மாதம் தாமதமாகப் பேசினான். அந்த இரண்டு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவக்கரைக் காளி கோயிலில் அவனுக்கு மொட்டையடித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி அடிக்க வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. "மாமன் இன்னா மாமன், எங்கக்கா மடிதான்" என்று ரஞ்சிதம் பிடிவாதமாக என்னை உட்காரவைத்தாள். கத்தி தலையில் பட்டதும் குழந்தை உதைத்தது... அதே இடத்தில், என் வயிற்றில். சன்னிதியில் எல்லோரும் நன்றி சொன்னார்கள். வக்கிரகாளி என்னைப் பார்த்த பார்வையை நான் நேராக வாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் கோசின்மேல் குற்றமில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், சனிக்கிழமை சொல்லாமல் வந்துவிட்டேனே.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நான் கோசைத் தொடவில்லை. எஸ்தர் டீச்சர்தான் ஊரைவிட்டுப் போகுமுன் ஒருநாள் தன் வீட்டில் பண்ணியதை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மணமாக இருந்தது. வாயில் போட்டால் கறுக் கறுக்கென்று கடிபட்டு, பின்னால் ஒரு சின்னத் தித்திப்பு. இதுவா அது என்று அசந்துபோனேன். நானே போய் அவள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டேன்.

நூல் நூலாக நறுக்குங்கள். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் கொஞ்சநேரம் போட்டால் புழு பூச்சி இருந்தால் மிதந்துவிடும். பிழிந்து எடுங்கள். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்துக் கோசைக் கொட்டி, மூடாமல், தண்ணீர் விடாமல் பிரட்டுங்கள். துவண்டதும் இறக்கிவிட வேண்டியதுதான். தேங்காய் கிடைத்தால் தேங்காய். கிடைக்காவிட்டால் வறுத்த மல்லாட்டையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுங்கள், அது இன்னும் ருசி. பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். கேப்பை மாவில் கோசும் வெங்காயமும் பிசைந்து அடை தட்டலாம். ரேஷன் அரிசி வாரக்கடைசியில் தீர்ந்துபோகிற வீடுகளுக்கு அந்த அடை பெரிய துணை. வயிறும் நிறையும், காலையில் வயிறும் லேசாக இருக்கும்.

நான் அன்றைக்குச் செய்தது என்ன? பயந்துகொண்டே நறுக்கினேன், பயந்துகொண்டே மூன்று மணி நேரம் வேகவைத்தேன், பயந்துகொண்டே மூடிக் கல் வைத்தேன். நல்ல காயை நாறவைத்தது அந்தப் பயம்தான். அதே பயம்தான் அப்புறம் துண்டை மடித்தது. ஜப்பான்காரன் எங்கள் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு உயிர் போயிருந்தால் அது என் கையால் போயிருக்கும்.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன்?

சனிக்கிழமை கூட்டம் முடிந்து ரஞ்சிதம் என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். கரி பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள், கிளம்ப நேரமிருந்தது. பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பிரசவத்துக்கும் ஒன் வூட்டுக்குத்தான் வர்றேன்" என்றாள். "அவரு இங்கயே ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். போன தடவ மாதிரி புள்ளய ஒன் கையில குடுத்துட்டேன்னா எனக்கு ஒரு பயமும் கெடையாது. கண்ண மூடித் தூங்குவேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "ஒடம்பப் பாத்துக்க" என்றுதான் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது. விழுப்புரம்வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். கரிப்புகை கண்ணில் பட்டதாக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் ஜன்னலோரம் இடம் மாறிக் கொடுத்தார்.

யுத்தத்துக்குப் பயந்தேன், புகைக்குப் பயந்தேன். ஆனால் என் தங்கையின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்கு நான் பயப்படுகிற மாதிரி எதற்கும் பயந்ததில்லை. நேரில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் பத்திரிகை வந்ததும் மற்றதெல்லாம் விட்டுவிட்டு முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாள். அக்கா எழுதியிருக்கிறாள் என்று அண்டைவீட்டுக்காரிகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். இந்த வாரம் மனசுக்குள் படித்தால் நல்லது.

ரஞ்சிதம், படித்துவிட்டாயா? இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. வந்தால், உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருப்பேன், எது கேட்டாலும் சமைத்துப் போடுவேன்...

குழந்தையை மட்டும் நான் கேட்டாலும் என் கையில் கொடுக்காதே.